முதலில் ஒரு துளி

என் வாயாடிக்கு,

நான் நலம். நீயும் வயிற்றுக்குள்ளிருந்து உதைக்கிற ஆளும் நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? உனக்குக் கால் வீக்கம் வடியவில்லையென்றால் வீட்டு வேலையை உன் அண்ணன் தலையில் கட்டு.

இங்கே ஒரு கூத்து. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒன்றை நான் வடிவமைத்தேன் இல்லையா, அதைப் பூட்டி ஓட்டினோம். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம். டீசல் மொத்தமும் பாய்ந்து, ஒரேயடியாகப் பற்றிக்கொண்டதுதான் காரணம். மேலதிகாரி சிரித்துவிட்டார். "உன்னை மாதிரியே செஞ்சு வெச்சிருக்கியேப்பா! நீ பேசறதும் இப்படித்தானே, எல்லாத்தையும் ஒரே போடா போட்டுடுவ" என்றார்.

வால்வை மாற்றினேன். இப்போது முதலில் ஒரு துளி, அது பற்றிக்கொண்ட பிறகு மீதி. சத்தம் அடங்கிவிட்டது.

உனக்கும் அப்படியே சொல்கிறேன். முதல் துளி: என் லீவு தள்ளிப்போய்விட்டது. மூச்சு விட்டுக்கொள். மீதி: பிரசவத்துக்கு என்னால் வர முடியாது. இந்த இன்ஜெக்டர் மாதக்கணக்கில் ஓடித் தாங்குகிறதா என்று பார்க்கிறவரை நான் இங்கே இருந்தாக வேண்டும். சண்டை போட்டும் பார்த்துவிட்டேன், நடக்கவில்லை.

சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. உன் தையல் பெட்டியிலிருந்து கொஞ்சம் நீல நூல் அனுப்பு. இங்கே கடையிலும் கிடைக்கும். நீயே அனுப்பு.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. பதிலை மட்டும் துளித்துளியாக எழுதாதே. திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு. இந்த அறைக்குக் கொஞ்சம் சத்தம் தேவைப்படுகிறது.

உன் அவசரக்காரன்