மைதாப் பசையில் ஏழு முகங்கள்

இயேசுவின் திரு இருதயம் நம் எல்லோரையும் காக்க

ராயபுரம்
டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய ரெஜி அண்ணனுக்கு, பக்கத்துப் போர்ஷன் தேவப்பிரியம் எழுதுவது.

உங்கள் அலமாரியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் பெனிட்டோ, மாடியில் குடியிருக்கும் சிலுவையம்மாள். அதிலும் சிலுவையம்மாள் வாசற்படியைத் தாண்டவில்லை. போன செவ்வாய், காலை பத்தே கால். வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு சாவி என் தாலிச் சங்கிலி ஊக்கில்தான் இருக்கிறது.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், மேலே படிக்கும்போது நீங்கள் வேறு யாரையும் சந்தேகப்படக் கூடாது. செய்தது நான் ஒருத்திதான்.

ஆபரேஷனுக்காகக் கோட்டயத்துக்கு மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, மழை வந்தால் ஸ்டாம்பு ஆல்பத்தை மட்டும் பார்த்துக்கொள் என்று சாவியைக் கொடுத்தீர்கள். மழை வந்தது. இரண்டு நாள் விடவில்லை. பின்சுவர் ஊறி அலமாரிக்குள்ளேயே தண்ணீர் இறங்கிவிட்டது. மாதா புண்ணியத்தில் மற்ற பக்கங்கள் தப்பின. நனைந்தது மலையாள எழுத்தாளர்கள் பக்கம்.

எந்தப் பக்கம் நனையக் கூடாதோ அதுவே நனைந்தது, அண்ணா. ஏழு தபால்தலைகள். ஒவ்வொன்றும் வெளியான அன்றே லீலாம்மா அக்காவும் நீங்களும் ஜோடியாகப் பெரிய தபால் நிலையத்துக்குப் போய் வாங்கி வந்தவை. எனக்கு மலையாளம் தெரியாது. தமிழே கல்யாணத்துக்குப் பிறகு கோயில் காலண்டரைப் பார்த்து நானாகப் படித்துக்கொண்டதுதான். ஆனால் அந்த முகங்களைத் தெரியும். கீரை ஆய்ந்துகொண்டே அக்கா, இந்தக் கண்ணாடிக்காரர் எழுதிய கதை இது, அந்த அம்மா எழுதிய பாட்டு இது என்று தமிழில் சொல்லுவார்கள். அக்கா ஆண்டவரிடம் போன இந்த மூன்று வருடத்தில், பூசை முடிந்து வந்து அந்தப் பக்கத்தை நீங்கள் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

விசிறிக்குக் கீழே துண்டில் பரப்பிக் காயவைத்தேன். காய்ந்ததும் பின்பக்கம் தொட்டுப் பார்த்தால் பசையே இல்லை. பறந்து ஒன்று தொலைந்தாலும் உங்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று பயம். மைதா காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, புது நோட்டில் வரிசை மாறாமல் ஏழையும் ஒட்டினேன். பக்கத்தில் எண் போட்டேன். புனிதர்களின் சுரூபப் படங்களை நான் அப்படித்தான் ஒட்டி வைப்பது வழக்கம். ஊரார் ஆல்பத்துக்கு உனக்கு இன்னாடி இம்மாம் அக்கறை என்று சிலுவையம்மாள் கேட்டாள். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை உங்கள் சிநேகிதர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற தாமோதரன் வந்தார். இருபதாம் தேதி கண்காட்சியில் அந்த ஏழையும் அக்கா பெயர் போட்டு வைக்கப் போவதாகச் சொன்னார். எனக்கு நீங்கள் சொல்லவில்லையே அண்ணா. சந்தோஷமாக நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னாம்மா இப்டி பண்ணி வெச்சிகீற? இத்த ஒட்டவே கூடாதும்மா. ஒட்டாத வரிக்கும்தான் இதுக்கு உசுரு.”

என் வீட்டுக்காரர், ஸ்டாம்பை ஒட்டக் கூடாதுன்னா வேற இன்னாத்துக்கு நைனா அச்சடிக்கிறாங்க என்று கேட்டார். தாமோதரன் சிரிக்கவில்லை. காயவைத்ததோடு விட்டிருந்தால் போதுமாம். இனி நோட்டுத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டுமாம். மயில்துத்தம் கலந்ததால் நீலம் ஏறலாம், முகம் கிழியலாம், ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம் என்றார். நீங்களே செய்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். உடையவர் வாய்ச்சொல் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து போன் போடுகிறேன். உங்கள் போன் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. மூன்றாம் தேதி ஆபரேஷன் என்று சொல்லியிருந்தீர்கள். மகளுடைய போன் அடித்து அடித்து நிற்கிறது. முதலில் நீங்கள் எடுத்துத் திட்டுவீர்களோ என்று பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. வேறு பயம். தெருவில் ஆம்புலன்ஸ் போனால் அது யாருக்கோ என்று தெரிந்தும் அடுப்பை அணைத்துவிட்டு நின்றுவிடுகிறேன்.

ஆபரேஷன் செய்த மனுஷனுக்கு இதை எழுதாதே, நெஞ்சு தாங்காது என்கிறார் என் வீட்டுக்காரர். எழுதாமல் இருந்தால் பொய் சொன்னதாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய், பொய்யை மனதில் வைத்து நன்மை அப்பம் வாங்க மனம் வராமல் திரும்பி வந்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். தவறு என்னுடையது. உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும், உடம்புக்கு மட்டும் ஒன்றும் வரக் கூடாது.

இன்றும் கோயில் மாதா கெபியில் உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆண்டவர் உங்களை எழுப்பி நடக்க வைப்பார்.

நோட்டைத் தண்ணீரில் போடட்டுமா, வேண்டாமா? இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அண்ணா. உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க மாட்டேன். மகளிடம் சொல்லி எழுத வேண்டாம். நடுங்கினாலும் உங்கள் கையால் ஒரே ஒரு சொல் எழுதிச் சீக்கிரம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
தேவப்பிரியம்