அட்டனில் வாங்கிய அடுப்பு

ஐப்பசி, செவ்வாய் இரவு. மழை விடவில்லை.

புகையில் கண் கெட்டுப்போகிறதே என்று என் மனைவி மரகதத்துக்கு அட்டன் டவுனிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி வந்தேன். விறகு சுமக்க வேண்டாம், சோறும் சீக்கிரம் வேகும் என்று கணக்குப் போட்டேன். இன்று தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தால் வீடெல்லாம் புகை! கவ்வாத்து மலையில் செடிகளைக் கழித்து வெட்டிப்போட்ட ஈரத் தேயிலை மிலாறுக் குச்சிகளைப் பழைய விறகடுப்பில் அடுக்கி, புது அடுப்பின் எண்ணெயை அதன்மேல் ஊற்றிப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்புள்ள, அந்த அடுப்பு எதுக்கு இருக்கு?" என்று கத்தினேன்.

"அதுல சோறு வேகும்ங்க. நேத்து நனைஞ்ச ஒங்க கம்பளி எதுல காயும்?"

இன்னும் சத்தமாகக் கத்தினேன். இதை எழுதும்போதும் கண் எரிகிறது. போர்த்தியிருக்கும் கம்பளி மட்டும், சனியன், கதகதவென்று இருக்கிறது.