அவர் அழுத இடம்

ஜூன் 5

சிவப்பு மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது. கை வைத்தாலே உதைக்கிறது. கறந்ததெல்லாம் திரிதிரியாக வந்தது, கீழே கொட்டிவிட்டேன். அவரிடம் சொன்னேன். "டாக்டருக்குப் போன் பண்றேன்" என்றார். இன்று முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

போன செப்டம்பரில் எங்கள் பெண் வாலு காய்ச்சலில் போனதிலிருந்து இப்படித்தான். ஆறு வயது. எங்களுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அவள் செய்த சேட்டைக்கு வைத்த பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டதே இல்லை. இப்போது மாடு, தீவனம், பால் வண்டி — இந்த மூன்றும் இல்லையென்றால் இந்த வீட்டில் இரண்டு ஊமைகள்தான்.

ஜூன் 6

மாட்டு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் டாக்டர் வந்தாள். அவள் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவர் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான்.

கல்யாணமான புதிதில் அவரே சொன்ன கதை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். மாடு மேய்ப்பவன் வீட்டுக்கு என் பெண்ணா என்று அவள் அப்பா குதித்தாராம். அவளை மேல்படிப்புக்கு அனுப்பிவிட்டாராம். "நல்ல வேளை, எனக்கு மிச்சம் வெச்சுட்டுப் போனாங்க" என்று நான் சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

"என்ன ஒல்லி, இப்பிடித் தொப்பை போட்டுட்ட?" என்றாள் அவள். அவர் சிரித்தார். சத்தமாக இல்லை. ஆனாலும் சிரிப்புதான்.

மாட்டுக்கு ஊசி போட்டாள். சுத்தமான வேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 9

மடி வீக்கம் வடிகிறது. மறுபடி வந்தாள். நாளையும் வருவாளாம்.

ஜூன் 18

நாத்தனார் வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, அந்த டாக்டரம்மா புருஷனை விட்டுட்டு வந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி தனியா வீடு எடுத்திருக்காங்க. அண்ணன் சைக்கிள் அங்க நிக்குதுன்னு ஊரே பேசுது. நீங்க கண்ணைத் திறந்து வெச்சுக்குங்க."

"மாட்டுக்கு மருந்து வாங்கப் போயிருப்பார்" என்றேன்.

"உங்க மாட்டுக்குத்தான் குணமாயிருச்சே?"

தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 2

வாலுவின் சின்ன சைக்கிளைக் காணோம். பால் வண்டி டிரைவரின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சும்மா நின்னு துருப்பிடிக்குது. இருந்து என்ன பண்ணப் போகுது?"

தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டேன். விழுங்கி விழுங்கி எனக்கு அதுவே சாப்பாடாகிவிட்டது.

ஜூலை 12

எழுதத்தான் வேண்டுமா? எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேன்களோடு திரும்பினேன். கன்றுகளுக்குத் தடுப்பூசி போட அவள் வந்திருந்தாள். வாசலில் ஜீப் நின்றது. கொட்டகைப் பக்கம் போனேன். பேச்சுச் சத்தம் இல்லை. வேறொரு சத்தம். முதலில் கன்றுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வாய் திறந்து, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி. அவள் பக்கத்தில் நின்றாள். ஒரு கை அவர் தோளில். அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைத் துணியால் மூடியபோது இந்த மனுஷன் அழவில்லை. குழியில் மண் தள்ளியபோது அழவில்லை. நான் தரையில் விழுந்து புரண்டபோது என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். சரி, ஆம்பளை, கல்லு மாதிரி, உள்ளுக்குள்ள வெச்சுக்கறாருன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேனே! கல்லு இல்லையா அது? கண்ணீர் இருந்துச்சா? இத்தனை நாளும் இருந்துச்சா? எனக்குன்னு ஒரு சொட்டு வராம அங்க போய்க் கொட்டுதா?

அவ பெத்தாளா வாலுவை?

கேனைக் கீழே வைக்காமலே திரும்பி வந்துவிட்டேன். அவர்கள் பார்க்கவில்லை.

ஜூலை 13

இன்று சமைக்கவில்லை. ஏனென்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 19

அண்ணனிடம் போனில் பேசினேன். "கிளம்பி வா. உன்னை யாரு என்ன கேட்கப் போறா? மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன்" என்றான். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் போவதற்கு முன் அவளிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ஜூலை 22

போனேன். மதியம், ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை.

"உங்களுக்கு இன்னும் அவர் மேல ஆசை இருக்கா?" — இதுதான் வந்தது.

கை கழுவிவிட்டுக் குழாயை மூடினாள். "இல்லைன்னு சொன்னா பொய். இங்க மாத்தல் வந்தப்ப ஒல்லி இருக்கற ஊருன்னு தெரிஞ்சேதான் வந்தேன். எனக்கும் வீட்டுல பேச ஆள் இல்லாமப் போச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா அவன் வந்தா என்ன பேசறான்னு நினைக்கறீங்க? பாப்பாவப் பத்தி. அப்புறம் உங்களப் பத்தி. எனக்கு வேற எதுவும் கிடைக்கலை."

"என்னப் பத்தி என்ன?"

"நீங்க ஒரு நாளாவது திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்னு சொல்றான். உங்க முகத்தப் பாக்கவே பயமா இருக்காம்."

எழுந்து வந்துவிட்டேன். வாசல்வரை வந்தவள், "இனிமே மாட்டுக்கு ஏதாவதுன்னா நீங்க போன் பண்ணுங்க" என்றாள். அவளை வெறுக்கலாம் என்று போயிருந்தேன். அதற்குக்கூட அவள் ஒழுங்காக இடம் கொடுக்கவில்லை.

ஜூலை 23

திட்டவில்லை என்பது நிஜம். திட்டாமல் இருந்ததும் ஒரு தண்டனைதான் என்று எனக்குத் தெரிந்திருந்ததா?

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. வாலு எழுந்து உட்கார்ந்து பால் கேட்டாள். "விட்டுருச்சே, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றார். நானும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். அந்தக் காய்ச்சலில் இப்படித் திடீரென்று குளிர்வதுதான் ஆபத்து என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவர் மேல் கோபம் இருக்கிறதா? இருக்கிறது. நியாயமா? தெரியவில்லை.

ஜூலை 26

காலைக் கறவையில் கேட்டுவிட்டேன். நான் கறந்துகொண்டிருந்தேன், அவர் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால்தான் முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அவங்ககிட்ட அழுதீங்களே, அதைப் பார்த்தேன்."

துடைப்பச் சத்தம் நின்றது. "திட்டு" என்றார். "எதுவா இருந்தாலும் திட்டிரு."

"ஆமா, கோவம்தான். நாளைக்குப் போலாம்னு சொன்னது நீங்க. சரின்னு சொன்னது நான். உங்களைத் திட்டினா என்னையும் சேர்த்துத் திட்டணும், அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா அந்த அழுகை எனக்குச் சேர வேண்டியதுங்க. அதை எடுத்துட்டுப் போய் எவளோ ஒருத்திகிட்டக் கொடுத்தீங்களே!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. மாடு மிரண்டு உதைத்தது. வாளி கவிழ்ந்து பால் முழுக்கத் தரையில். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ என்னை ஒல்லின்னு கூப்பிடறப்ப எனக்குப் பதினெட்டு வயசுடி. வாலு இன்னும் பொறக்கவே இல்ல. பொறக்காதவ எப்பிடிச் சாவா? அதுக்குத்தான் போனேன். ஆனா போனா, அங்கயும் அவளப் பத்தித்தான் வாயில வருது."

அவள் பிறக்காத காலம். அங்கே நானும் இல்லை. அது அவருக்குத் தெரிகிறதா?

"நான் கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றேன். தடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தார். பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு விட மறந்துவிட்டார். கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் விட்டார்.

ஆகஸ்ட் 3

அண்ணன் வீடு. நிறைய தூங்கினேன்.

ஆகஸ்ட் 10

போன் செய்தார். சிவப்பு சினை பிடித்திருக்கிறதாம். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 21

அண்ணியும் அண்ணனும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். என் காதுபட எந்தக் குழந்தையையும் கொஞ்சக்கூடாது என்று வீட்டில் சட்டம் போலிருக்கிறது. இன்று அண்ணியிடம், வாலு தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள் என்று சொன்னேன். "அப்படியா, பாவம்" என்று கண் கலங்கினாள். நல்ல மனசு. ஆனால் அவளுக்கு அது புதுச் செய்தி.

நறநறவென்று கடிப்பாள். பக்கத்து அறைவரை கேட்கும். "உங்கம்மா ரேஷன் அரிசியில கல்லு பொறுக்கல போல" என்று அவளிடமே காலையில் அவர் வம்புக்கு இழுப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். நான் இங்கே இருக்கிறேன். இன்னொருவர் அங்கே தனியாக இருக்கிறார்.

அவரை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. நாளை மறுநாள் கிளம்புகிறேன்.

ஆகஸ்ட் 23

வந்துவிட்டேன். அடுப்படி சமைத்த சுவடே இல்லாமல் சுத்தமாக இருந்தது. அதுவே கஷ்டமாக இருந்தது. அவர் இதுவரை கொட்டகைக்குப் பக்கத்து அறையில்தான் படுத்துக்கொண்டிருந்தார். இன்று அவர் பாய் உள்ளே வந்திருக்கிறது.

செப்டம்பர் 11

இன்றோடு ஒரு வருஷம். இருவரும் அவளைப் புதைத்த இடத்துக்குப் போனோம். அவர் களை பிடுங்கினார். நான் தண்ணீர் ஊற்றினேன். மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

அக்டோபர் 14

டாக்டரை நான்தான் போன் செய்து கூப்பிட்டேன். சினை மாட்டைப் பார்த்துவிட்டு, "கன்னு நல்லா இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். அவரை இப்போது ஒல்லி என்று கூப்பிடுவதில்லை. டீ கொடுத்தேன், நின்றபடியே குடித்தாள். ஜீப் சத்தம் கேட்டால் இன்னமும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்கிறது. அது போகாது போலிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 8

கறவை மாடு ஒன்று விலைக்கு வருகிறது என்று இரண்டு பஸ் மாறிப் போனோம். மாட்டுக்காரர் வயலிலிருந்து வரும்வரை அவர் மனைவி எங்களை நிழலில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தாள். நல்ல வாயாடி.

"குழந்தைங்க எத்தனை?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் நான்தான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஒரு பொண்ணு" என்றார்.

"பள்ளிக்கூடம் போறாளா?"

"இல்லம்மா. போன வருஷம் காய்ச்சல்ல தவறிட்டா. ஆறு வயசு. வாலுன்னு கூப்பிடுவோம். ஒரு இடத்துல உட்கார மாட்டா..."

அந்தம்மா திகைத்துப்போய் எழுந்து தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. நானும் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்த வேற்றூர் மரத்தடியில் அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு நான் அழுதேன், அவர் உட்கார்ந்திருந்தார்.

மாடு எங்களுக்குப் பிடிக்கவில்லை. வாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டே வந்தோம். வழியெல்லாம் வாலுவைப் பற்றித்தான் பேசினோம். அவள் ஒரு தடவை கன்றுக்குப் பவுடர் பூசிவிட்ட கதையை அவர் சொல்ல, நான் சிரித்துவிட்டேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.