நாளெல்லாம் கேட்கும் பெயர்

நோரில்ஸ்க்

அன்புள்ள தீகோன் சித்தப்பாவுக்கு, ராயிசா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் நலம். எரிச்சல் ஒன்றுதான் குறை.

பள்ளியில் டீச்சரை அவள் அப்பா பெயரையும் சேர்த்துத்தானே கூப்பிடுவார்கள்? "ராயிசா கெராசிமோவ்னா, இவன் கிள்ளுறான்." "ராயிசா கெராசிமோவ்னா, இவளுக்கு மூக்கு ஒழுகுது." கெராசிமின் மகளாம்! எனக்குப் பால்பல் விழும் முன்பே அம்மாவையும் என்னையும் விட்டுப் போன கெராசிமுக்கு நாள் முழுக்க நாம அர்ச்சனை. வருஷா வருஷம் என் பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்த உங்களுக்கு ஒன்றும் இல்லை.

பொறுக்காமல், "வெறும் ராயிசான்னு கூப்பிடுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாளே ஒரு தாய் வந்து நின்றாள். "டீச்சரை மொட்டையாப் பேர் சொல்லிக் கூப்பிடுறான். இதுதான் நீங்க சொல்லிக் குடுக்கிற மரியாதையா?"

தலைமை ஆசிரியை தலையில் அடித்துக்கொண்டார். "அந்தாளு பேரு பிடிக்கலைன்னா, வளர்த்தவர் பேரைப் பதிஞ்சுக்கயேன்டி. சட்டத்துல இடமிருக்கு."

உங்களிடம் கேட்டால் "எனக்கெதுக்கும்மா" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

உலர்ந்த காளானும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். இங்கே எதை மாட்டினாலும் கால் சூடேறுவதில்லை. பார்சலில் கீழே உள்ளபடியே பெயரை எழுதுங்கள், இல்லாவிட்டால் தபால் நிலையத்தில் தரமாட்டார்கள். மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
ராயிசா தீகோனோவ்னா