ஓசியில் ஒரு குதி

அன்புள்ள செண்பகத்துக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

மலேசியாவுக்கு வந்து செலாயாங்கில் நான் வேலை பார்க்கும் சாகசப் பூங்காவில், கயிறு கட்டிக்கொண்டு பாறையிலிருந்து குதிக்க ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். நேற்று முதலாளி ஜீவன், "அண்ணே, புதுக் கயிறு. நீங்க ஃப்ரீயா குதிங்க லா" என்றார். ஒரு டீகூட வாங்கித் தராத மனிதர்! புதுக் கயிற்றில் ஏன் அழுக்கு?

குதித்தேன். என்னை மறந்து சிரித்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

இனி சனிக்கிழமைதோறும் முதல் குதி என்னுடையதாம். ஃபாரத்தில் உன் பெயரும் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டார். எதற்கென்றால், "சும்மா ஃபார்மாலிட்டி லா" என்கிறார்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்பு. தெரியாத நம்பரை எடுக்காதே என்று நான்தான் சொன்னேன். சனிக்கிழமை மட்டும் எடு.

வேன் வந்துவிட்டது.

உன்
திருமலை