மூன்று பத்திரிகை, ஒரே கரகோஷம்

1979 மார்ச் 5

நான்காம் அத்தியாயம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது. பேராசிரியர் நாகேஸ்வரன் என்னைவிட வயதில் சின்னவர். அவர் என்னைச் சார் என்கிறார். நானும் அவரைச் சார் என்கிறேன். மரியாதையில் குறைவில்லை. அத்தியாயத்தில்தான் குறைவாம்.

வியாபாரப் போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் புதுமைக்கு என்ன ஆகிறது - இதுதான் என் ஆய்வு. எல்லா உதாரணமும் அமெரிக்க வழக்கு. "கடல் தாண்டினதெல்லாம் போதும் சார். இங்க ஒண்ணு காட்டுங்கோ," என்கிறார். மே கடைசிக்குள் அவர் கையெழுத்து விழாவிட்டால் என் பதிவு ரத்து. ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனி கிடையாது.

ஐம்பது தாண்டி எல்.எல்.எம். எதற்கு என்று சரோஜம் கேட்டாள். மனைவி கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 9

நாகேஸ்வரன் இன்று புதிதாக ஒரு கேள்வி கேட்டார். விலையை ஏற்றினால் ரசீது இருக்கும். போட்டி இல்லாததால் உண்டாகாமலே போன பொருளுக்கு யார் சாட்சி?

நடந்ததை மட்டும் எழுதுகிற பத்திரிகைக்காரன் நான், நடக்காததை எப்படி எழுதுவது என்றேன். அதைத்தான் சார் படிக்க வந்திருக்கிறீர்கள் என்றார். பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் வந்தது.

மார்ச் 20

சாலைக் கடைத்தெருவில் அரை நாள் அலைந்தேன். மொத்த வியாபாரிகள் எல்லாரிடமும் மிளகாய் ஒரே விலை. ஏதாவது பேசி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "எந்தப் பேச்சு சாரே? ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க," என்றார் ஒருவர். குடித்தேன். வேறொன்றும் கிடைக்கவில்லை.

அலைந்ததால் வேலைக்கு நஷ்டமில்லை. வழக்கம்போல நாலு மணிக்குப் புளிமூட்டு டீக்கடையில் வன்னியபெருமாளும் நேசையனும் அன்றைய செய்திகளின் கார்பன் பிரதி கொடுத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் மூன்று தமிழ்த் தினசரிக்காரர்கள். செக்ரடேரியட் எனக்கு, கோர்ட் நேசையனுக்கு, மலையும் துறைமுகமும் வன்னியபெருமாளுக்கு. நகரம் பெரிது, கால் இரண்டுதானே.

ஏப்ரல் 2

புதிதாக வந்த நாலாவது தினசரிக்கு ஒரு பெண் நிருபர். சீதாலக்ஷ்மி, கரமனை அக்கிரகாரத்துப் பெண். நாலு மணிக்கு நேராக டீக்கடைக்கே வந்துவிட்டாள். வன்னியபெருமாள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாங்க சாயா குடிக்கத்தாம்மா வந்தோம்."

அவளும் ஒரு சாயா குடித்துவிட்டுப் போனாள். அவள் சாயாவுக்கு நான்தான் காசு கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா?

ஏப்ரல் 17

மந்திரி மலையடிவாரத்து விதுரையில் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார். 'பலத்த கரகோஷத்துக்கிடையே.' மூன்று பத்திரிகைக்கும் இப்படியே அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 18

அடிக்கல் நாட்டப்படவே இல்லை. மழையில் பாதை சரிந்து, மந்திரியின் கார் நெடுமங்காட்டிலேயே திரும்பிவிட்டது. வன்னியபெருமாள் போகவில்லை. முன்கூட்டியே வந்த பேச்சுப் பிரதியை வைத்து இங்கே இருந்து எழுதினார். நாங்கள் இருவரும் அப்படியே அனுப்பினோம்.

காலையில் செக்ரடேரியட் வாசலில் சீதாலக்ஷ்மி. அவள் கேட்டது கேலியா, நிஜமா என்று இன்னும் தெரியவில்லை.

"விதுரையிலே நீங்க மூணு பேரும் எந்தப் பக்கம் நின்னேள் சார்? நான் பாக்கவே இல்லையே."

எங்கள் பத்திரிகை ஆசிரியர் டிரங்க் காலில் கூப்பிட்டார். அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

ஏப்ரல் 19

நேற்று அவள் பத்திரிகையில் வந்த விதுரைச் செய்தியை இன்றுதான் முழுதாகப் படித்தேன். மந்திரி வராதது இரண்டே வரி. மீதியெல்லாம் போனக்காட்டிலிருந்து மலையிறங்கி வந்த தேயிலைத் தொழிலாளர்கள் பற்றி. மேலே ஒரு பஸ் விடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வந்து, மழைக்கு ஒதுங்கிக் கடை இறவாரத்தில் இருட்டும்வரை நின்றிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பேச்சி என்ற பெண், பிரசவ வலியில் துடித்த தங்கையைத் தூளியில் கட்டி இறக்கிய கதையைச் சொல்லியிருக்கிறாள்.

மூவரில் ஒருவன் போயிருந்தால் எழுதியிருப்பான். போகத் தேவையில்லாதபடி நாங்கள்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தோமே. ஏகபோகத் தடைச் சட்டம், முப்பத்துமூன்றாம் பிரிவு - பகுதி பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தம். எனக்கு மனப்பாடம். சாலைக் கடைத்தெருவில் போய்த் தேடினேன் நான்!

ஏப்ரல் 30

எங்கள் ஏற்பாட்டை அத்தியாயத்தில் எழுதவும் முடியவில்லை, எழுதாமலும் முடியவில்லை. பெயர் போடாவிட்டாலும் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?

மே 8

அத்தியாயத்தை எழுதி முடித்து, கொடுப்பதற்கு முன் இருவரிடமும் சொன்னேன். நேசையன் தலையைக் குனிந்துகொண்டான். வன்னியபெருமாள் திருநெல்வேலிப் பேச்சில் நிதானமாகத்தான் ஆரம்பித்தார்.

"எங்களை மிளகாய் யாவாரியோட சேத்துட்டீரு. சரி. நேசையன் ரெண்டு மாசம் நெஞ்சுச்சளியோட ஆஸ்பத்திரியில கெடந்தாம்லா. அவன் பேருல நீரும் நானும் கோர்ட்டுச் செய்தி எழுதினோம். அவனுக்குச் சம்பளம் நிக்கல. அன்னைக்கு எந்தப் பிரிவைப் பாத்தீரு வே?"

டீ ஆறிவிட்டது. அவர் பிரதி தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மே 11

கைவிட்டுவிடலாம் போலிருக்கிறது. சட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அவர் கேட்டது நியாயந்தானே? அந்த இரண்டு மாதமும் சட்டப்படி குற்றமா? அப்படியானால் சட்டத்தில்தான் ஏதோ கோளாறு. பேச்சி நின்ற இறவாரம் மட்டும் ஏன் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது?

மே 14

அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அந்த இடத்தில் வன்னியபெருமாளின் கேள்வியை அப்படியே எழுதி, இதற்கு என்னிடம் விடையில்லை என்று முடித்தேன்.

மே 25

நாகேஸ்வரன் அடிக்குறிப்பில் தப்புக் கண்டுபிடித்தார். செய்தி சரக்கா சேவையா என்று அரை மணி நேரம் குடைந்தார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திரும்ப ஒருமுறை படித்துவிட்டு, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை.

மே 29

நாலு மணி. டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். யார் பையிலிருந்தும் தாள் வெளியே வரவில்லை. நாளைக்கு நான் எங்கே போகப் போகிறேன் என்று நேசையன் சும்மா கேட்பதுபோலக் கேட்டான்.

"சொல்லமாட்டேன்," என்றேன்.

வன்னியபெருமாள் சிரிப்பை அடக்க டீயை வாயில் வைத்துக்கொண்டார். நேசையனுக்கு மறுபடி உடம்புக்கு வந்தால் பழையபடி அவனுக்காக எழுதுவது என்று மட்டும் பேசிக்கொண்டோம். அது எந்தப் பிரிவில் வந்தாலும் சரி.

ஜூன் 6

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இன்று காலையில் மற்ற பத்திரிகைகளையும் காசு கொடுத்து வாங்கினேன். இதுவரை வாங்கத் தேவைப்படவில்லை. அவற்றில் என்ன இருக்கும் என்று முதல் நாளே தெரியும்.

வன்னியபெருமாள் போனக்காடு வரை ஏறிவிட்டு வந்திருக்கிறார், இந்த மழையில். பஸ் விடக்கூடிய வழியைத் தொழிலாளர்களோடு நடந்து பார்த்து எழுதியிருக்கிறார். என்னிடம் அது இல்லை. சீதாலக்ஷ்மியிடமும் இல்லை.

எரிச்சலாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.