வாங்கிலில் ஒதுங்கிய இடம்

ஞாயிற்றுக்கிழமை. யுத்தம் முடிந்து, மழையில் வெங்காயம் பாத்தியிலேயே அழுகிய வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இன்று மீனவர் சங்கக் கூட்டம். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த அசன், வந்த நாள் முதல் எங்கள் கரையில்தான் தோணியை ஏற்றுகிறான். அதற்கு ஒப்புக்கொண்ட முடிவு பழைய கூட்டறிக்கையில் இல்லையாம். அப்படியென்றால் தோணியை எடுக்க வேண்டும் என்றார் புதிய செயலாளர். அசன் கதவருகே நின்றான்.

"அண்டைக்கி யாரும் கை தூக்கல்ல மகன்," என்றேன். "இவன் வந்து நிண்டான். அப்ப இருந்த நீட்டுப் பலகை வாங்கில்ல இருந்த அஞ்சு பேரும் ஒதுங்கி இடம் குடுத்தம். எங்கட கூட்டத்துல அதான் ஓம், அதான் சம்மதம்."

"இப்ப ஆளுக்கொரு பிளாஸ்டிக் கதிரை, மாமா. எப்பிடி ஒதுங்குற?" என்று செயலாளர் சிரித்தார்.

தலைவர் எழுந்தார். தன் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டார். பக்கத்தில் இருந்தவரும் தள்ளினார். வரிசை முழுக்கக் கதிரைகள் கிறீச்சிட்டு நகர, நடுவில் ஓர் இடம் விழுந்தது. நான் ஒரு கதிரையைத் தூக்கி வந்து அங்கே வைத்தேன்.

"இந்த வயசுல ஏன் நானா சுமக்கிறீங்க," என்று, சொந்த அண்ணனை ஏசுவதுபோல் என்னை ஏசிக்கொண்டே அசன் உட்கார்ந்தான்.

செயலாளர் இந்த முறை முடிவை எழுதிக்கொண்டார். பழைய வாங்கிலில் இருந்தவர்கள் யார் யார் என்றும் கேட்டார். ஐந்து பெயரையும் சொன்னேன். நாலு பேர் மௌத்தாகிவிட்டார்கள். நானும் போய்விட்டால், அன்று அந்த இடம் கிடைத்ததைக் கண்டவன் என்று மிஞ்சுவது, அதில் உட்கார்ந்த அசன் மட்டும்தான்.